லாரி முதுகில் பிக்கப் தொட்டி

அமெரிக்காவின் நேவிஸ்டார் நிறுவனம் 2004-ல் 'இன்டர்நேஷனல் சிஎக்ஸ்டி' என்றொரு வண்டியை இறக்கியது. முன்னால் நின்று பார்த்தால் டிப்பர் லாரி. பின்னால் போனால் பிக்கப்! உயரம் 9 அடி. சுமை ஏற்றாமலே 6 டன்னுக்கு மேல் எடை. அடியில் இருந்தது கனரக லாரிக்கான 7300 வரிசை சேஸிஸ். மேலே உட்கார்ந்ததோ ஃபோர்டு பிக்கப்பின் தொட்டி.

தூக்கி வைத்து போல்ட் முடுக்கினால் வேலை முடிந்தது என்று தோன்றும். பட்டறைக்காரரைக் கேட்டால் சிரிப்பார். பிக்கப் சேஸிஸ் பின் அச்சுக்கு மேல் வளைந்து ஏறி இறங்கும். லாரி சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களும் 34 அங்குல அகலத்தில் நேராக ஓடும். தொட்டியின் பழைய துளைகள் பொருந்தாது. புதிதாகத் தாங்கிகள் செய்ய வேண்டும். அதற்காகச் சட்டத்தின் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ துளை போடவே கூடாது. பாரத்தில் சட்டம் வளையும்போது அதிக அழுத்தம் விழுவது அங்கேதான். விரிசலும் அந்தத் துளையில்தான் தொடங்கும். துளையிட வேண்டுமானால் செங்குத்தாக நிற்கும் நடுப்பகுதியில்.

அடுத்தது தொட்டியின் சக்கர வளைவு. அது அச்சுக்கு நேர் மேலே அமைய வேண்டும். கேபின் முதுகிலிருந்து பின் அச்சு வரை, 8 அடித் தொட்டி உள்ள பிக்கப்பில் சுமார் 56 அங்குலம். லாரி சேஸிஸில் பெரும்பாலும் 60 அல்லது அதற்கு மேல். வளைவைச் சரியாக வைத்தால், கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே இடைவெளி வாய் பிளந்து நிற்கும்.

சிஎக்ஸ்டி தயாரிப்பு 2008-ல் நின்றுபோனது. அத்தனை உயரத்துக்கு மூட்டை தூக்க யாருக்குத்தான் ஆசை?