நோயாளிக்கும் ஒரு கொழுக்கட்டை

விநாயகர் சதுர்த்தி நெருங்கும் நாட்களில் வெளிநோயாளர் பிரிவில் எங்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "கொழுக்கட்டை சாப்பிடலாமா, டாக்டர்?" கேட்பவர் பெரும்பாலும் நோயாளி அல்லர், உடன் வந்த மகளோ மருமகளோதான். நோயாளி எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "கூடாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எங்களுக்கு எளிது. ஆனால் அவ்வாறு மறுக்கப்பட்ட கொழுக்கட்டை, யாரும் பாராத வேளையில், ஒன்றுக்கு நான்காக உள்ளே போய்விடுகிறது. எனவே உண்ணும் முறையைச் சொல்வதே மேல் என்று கருதுகிறோம்.

ஆவியில் வேகவைக்கும் கலை சின்ன காஞ்சிபுரத்துக்குப் புதிதன்று. வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஆவியில்தான் வேகிறது. கொழுக்கட்டையும் பழைய பண்டமே; மதுரை நகரின் இரவை வருணிக்கும் சங்க நூலான மதுரைக்காஞ்சியில் மோதகம் விற்போர் வருகின்றனர்.

அதன் இன்பத்தில் பாதி, செய்வதில் இருக்கிறது. அரிசி மாவில் கோதுமைக்குரிய பசைப்புரதம் இல்லை. குளிர்ந்த நீரில் பிசைந்தால் சொப்பு விரிந்துவிடும். உப்பும் சிறிது நல்லெண்ணெயும் சேர்த்த கொதிநீரை ஊற்றிக் கிளறினால்தான் மாவுச்சத்து ஊதிக் குழைந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். வெதுவெதுப்பு மாறாமல் பிசைந்து, ஈரத்துணியால் மூடி, விரலில் எண்ணெய் தொட்டு விளிம்பை அழுத்திச் சுழற்றச் சுழற்றச் சொப்பு மெலிந்து எழும். தேங்காயும் வெல்லமும் ஏலக்காயும் மணக்கும் பூரணத்தை அடக்கி வாயைக் கூட்டி மூடி, பத்து நிமிடம் ஆவியில் வைத்தால் மேல்தோல் பளபளக்கும்.

இந்த வேலையில் நோயாளியையும் அமர்த்திக்கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் தறியில் இழை பிடித்த விரல்கள் பக்கவாதத்துக்குப்பின் தளர்ந்திருக்கலாம். மாவை அழுத்துவதும் உருட்டுவதும் அவற்றுக்கு நல்ல பயிற்சி. மெல்லிய சொப்பு வராவிட்டால் பிடி கொழுக்கட்டை இருக்கவே இருக்கிறது. விரல் தடம் பதிவதுதான் அதற்கு அழகு. நீரிழிவினால் கை மரத்தவர்களுக்கு மட்டும் மாவின் சூட்டை வேறொருவர் தொட்டுப் பார்த்தபின் கொடுங்கள்.

இனி உண்பது. "வெல்லம்தானே, சர்க்கரை இல்லையே" என்னும் வாதத்தை நாங்கள் ஏற்பதில்லை. இரத்தச் சர்க்கரையை வெல்லமும் அவ்வாறே உயர்த்தும், மேல்மாவோ அரிசி. ஆயினும் சர்க்கரை கட்டுப்பாட்டில் உள்ளவர், சிற்றுண்டிக்கு மேல் கூடுதலாக அல்லாமல் அதற்கு ஈடாக, ஒரு பூரணக் கொழுக்கட்டையும் இரண்டு உளுந்துக் கொழுக்கட்டையும் நிதானமாக உண்ணலாம். உளுந்தில் புரதம் உண்டு. எங்களில் சிலருக்கு அதுவே சுவையிலும் ஒரு படி மேல். இன்றைக்கு மட்டும் என்று மாத்திரையை நீங்களாகக் கூட்டிக்கொள்ள வேண்டாம்.

எங்களை அதிகம் அஞ்சவைப்பது இனிப்பு அன்று, தாமதம். காலையில் இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு, பூஜை முடியட்டும் என்று வெறும் வயிற்றோடு காத்திருப்பவருக்குச் சர்க்கரை சட்டென இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் கண்டால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். பிரசாதக் கொழுக்கட்டை அப்போது உதவாது. தேங்காயிலுள்ள கொழுப்பு இனிப்பு இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குத் தேங்காயிலும் வெல்லத்திலும் உள்ள பொட்டாசியம் கவலை தரும். அவர்கள் தம் கடைசிப் பரிசோதனை முடிவை எடுத்துக்கொண்டு உணவியல் நிபுணரைப் பார்த்து, அளவைக் கேட்டறிய வேண்டும்.

விழுங்குவதில் சிரமம் உள்ளோர் தனி. ஜப்பானில் புத்தாண்டுதோறும் மோச்சி என்னும் ஒட்டும் அரிசிப் பண்டம் முதியவர்களின் தொண்டையில் அடைத்து உயிரிழப்பு நேர்வதுண்டு. நம் கொழுக்கட்டை அத்துணை ஒட்டாது. எனினும் பக்கவாதம் கண்டவர், பல்செட் அணிந்தவர் ஆகியோரை நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு துண்டுகளாக, பேச்சுக் கொடுக்காமல் உண்ணச் செய்யுங்கள். உண்ணும்போது இருமல் வருமாயின் நிறுத்திவிடுங்கள். கூழ்ப்பதமாக மட்டுமே உண்பவருக்குக் கொழுக்கட்டை கொடுக்கலாகாது. பூரணத்தின் சுவையை அவருக்கு எந்தப் பதத்தில் தரலாம் என்பதை விழுங்கும் பயிற்சியாளரிடம் கேளுங்கள். சதுர்த்திக்கு ஒரு வாரம் முன்னரே கேளுங்கள். அன்று காலை தொலைபேசியில் அல்ல.