கைமாறிய வாத்தியங்கள் – 11: கழுத்தைப் பார்த்து வாங்குங்கள்

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி வந்தவர்களுக்குத் தெரியும், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற அந்த மணல்வெளியில் காதுக்கு ஓய்வே கிடையாது. ஒரு பக்கம் உருமி, ஒரு பக்கம் நாயனம், அக்கினிச்சட்டி எடுப்பவர்களைச் சுற்றிக் குலவை, கம்பத்துக் குழாயில் எல்.ஆர்.ஈஸ்வரி. இத்தனைக்கும் நடுவே கச்சேரி மேடையில் ஒருவர் வாசித்துக்கொண்டே இருப்பார், தள்ளி நிற்கும் கூட்டத்தில் யாருக்கும் கேட்காது. அவர்தான் பேஸ் கிட்டார்க்காரர். அவருடைய தடித்த கம்பியை அப்படியே தட்டினால் நொடிக்கு 41 அதிர்வுகள். கூம்புக் குழாய்க்கு அவ்வளவு கீழே இறங்க வராது. மேடையோரப் பெட்டி ஸ்பீக்கரை ஒட்டி நின்றவருக்கு மட்டும் நெஞ்சுக்கூடு அதிரும்.

கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவரும்வரை, ஆளுயர டபுள் பேஸைத்தான் கட்டிச் சுமந்தார்கள். 34 அங்குலக் கம்பி நீளம் என்று அன்று அவர் வைத்த அளவுதான் இன்றும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களுக்கு. தமிழ்க் காதுக்கு அதைப் பழக்கியவர் இளையராஜா. பேஸுக்கென்று தனியாக ஒரு மெட்டே எழுதி, பாட்டுக்கு அடியில் ஓடவிட்டவர் அவர். அதை வாசித்த சசிதரனின் பெயர் கேசட் அட்டையைப் புரட்டியவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்பது வேறு கதை. ‘மூடுபனி’ (1980) படத்தின் ‘என் இனிய பொன்நிலாவே’வை நல்ல ஹெட்போனில், பாடகரை மறந்துவிட்டுக் கேட்டுப்பாருங்கள்.

அந்தப் பாட்டுகளை மேடையில் வாசிக்க வேண்டியிருந்ததால் சாத்தூர், சிவகாசி, விருதுநகர், கோவில்பட்டிப் பக்கம் மெல்லிசைக் குழு என்றால் பேஸ் கிட்டார் ஒன்று இருந்தாக வேண்டும். பிறகு கீபோர்டுக்காரர் இடது கையாலேயே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டார். அதற்கும் பிறகு லேப்டாப்பில் டிராக் வந்தது. கிட்டார்கள் பரணுக்குப் போயின. இன்று பாதி விலைக்கு நமக்குக் கிடைப்பவற்றில் நிறைய அங்கிருந்து இறங்கியவைதான். பரண் என்ற சொல்லை நினைவில் வையுங்கள், அதற்குத் திரும்ப வருகிறேன்.

விற்பவர் முதலில் காட்டுவது உடம்பை. பளபளவென்று துடைத்து வைத்திருப்பார். கீறல், பெயின்ட் உதிர்ந்த இடம் எல்லாவற்றுக்கும் விலையைக் குறைப்பார். குறைக்கட்டும், ஆனால் அதிலே மயங்கக் கூடாது. பிக்கப் போனால் மாற்றலாம், சாவி தளர்ந்தால் மாற்றலாம், கம்பி எப்படியும் மாற்றத்தான் போகிறோம். கழுத்து முறுக்கிக்கொண்டால் மட்டும் போட்ட பணம் போனதுதான். சரிசெய்யும் கூலிக்கு இன்னொரு பழைய கிட்டாரே வாங்கிவிடலாம்.

நான்கு கம்பிகளும் சுருதி ஏறி நிற்கையில் அந்தக் கழுத்தை இழுக்கும் விசை 70, 80 கிலோ. ஒரு பெரிய அரிசி மூட்டையை ராத்திரி பகலாகத் தொங்கவிட்ட மாதிரி. அதற்கு எதிர்விசை கொடுக்கத்தான் கழுத்துக்குள்ளே டிரஸ் ராடு என்று ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. வாங்கப் போகிறவர் சுருதி சேர்க்காமல் கழுத்தைப் பார்ப்பது வீண். செல்போன் டியூனரை வைத்துச் சுருதி கூட்டிவிட்டு, முதல் கட்டையில் (ஃபிரெட்) ஒரு விரல், கடைசிக் கட்டையில் ஒரு விரல் வைத்துத் தடித்த கம்பியை அழுத்துங்கள். நடுவே ஏழாவது, எட்டாவது கட்டைக்கு மேலே ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைய வேண்டும். தாராளமாக நுழைந்தால் கழுத்து முன்னால் வளைந்திருக்கிறது. நுழையவே இடமில்லை என்றால் பின்னால். இந்த இரண்டும் வியாதியல்ல, டிரஸ் ராடைக் கால் சுற்றுத் திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் ராடின் முனையிலுள்ள நட்டு திரும்புகிறதா என்று விற்பவரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

சாத்தூரில் ஒரு பழைய வாசிப்புக்காரர் இன்னொன்றும் காட்டித்தந்தார். “அண்ணாச்சி, கண்ணாலயே பாத்துக்கிட்டு இருக்கீகளே, கைய வச்சுத் தடவிப் பாருங்க” என்றார். கழுத்தின் ஓரத்தில் உள்ளங்கையை மேலிருந்து கீழே ஓடவிட்டால் கட்டைகளின் முனைகள் சுருக்சுருக்கென்று குத்தின. உலோகம் வளரவில்லை, மரம் சுருங்கியிருக்கிறது. “இது தகரக் கொட்டகையில கெடந்த சாமான்” என்றார். சரியான கைக்கு ஜாதகமே தெரிந்துவிடுகிறது. அராவிச் சரிசெய்துவிடலாம் என்பதால் இதற்காக வேண்டாம் என்று வர வேண்டியதில்லை. ஆனால் இப்படி முனை குத்தினால் கழுத்து முறுக்கியிருக்கிறதா என்று இன்னொரு முறை கூர்ந்து பார்க்க வேண்டும். கிட்டாரின் வால்பக்கத்தைக் கண்ணருகே வைத்து நீளவாக்கில் பார்த்தால், தலைப்பக்கத்து நட்டும் இந்தப் பக்கத்துப் பிரிட்ஜும் ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும்.

மற்றது சீக்கிரம் முடிகிற வேலை. ஆம்ப்ளிஃபயரில் சொருகி வால்யூம் திருகைச் சுழற்றுங்கள். கரகரத்தால் தூசி, ஸ்பிரே அடித்தால் போகும். ஜாக்கை ஆட்டும்போது சத்தம் வந்து வந்து போனால் சால்டரிங் வேலை. ஒவ்வொரு கட்டையிலும் ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பார்ப்பதில் சோம்பல் கூடாது. பின்பக்கம் 9 வோல்ட் பேட்டரி அறை இருந்தால் திறந்து பாருங்கள், பச்சை பூத்திருந்தால் பல வருஷம் யாரும் தொடவில்லை. சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு, பழைய பில்லும் கேளுங்கள். பில் இல்லையென்றால் விற்றவர் கையெழுத்திட்ட ஒரு துண்டுச்சீட்டாவது வேண்டும். திருட்டுச் சாமானுக்கு நாளை நீங்கள் பதில் சொல்லக் கூடாது.

இனி பரண். கான்கிரீட் வீட்டில் பரண் என்பது மொட்டைமாடிக்கு அடியில் ஒரு முழம். மே மாதம் 40 டிகிரியை ஒட்டிக் காயும் கரிசல் நாட்டு வெயிலை அந்தத் தளம் பகலெல்லாம் குடித்து, நடுராத்திரி வரைக்கும் கீழே கக்கும். மரக் கழுத்துக்கு அதைவிடக் கெட்ட இடம் ஒன்றுதான் இருக்கிறது, கதவடைத்து வெயிலில் நிறுத்திய வேன். உள்ளே 60 டிகிரி ஏறும், ஒட்டுப் பசையே இளகும். வீட்டில் ஒரு மனுஷன் விசிறியில்லாமல் மத்தியானம் படுக்கக்கூடிய மூலை எதுவோ, அதுதான் கிட்டாருக்கும். மேற்குச் சுவர் ஆகாது. உள்சுவரில் கொக்கி அடித்து மாட்டலாம், அல்லது கடினப் பெட்டிக்குள் வைத்துப் பெஞ்சு மேல் போடலாம். வெறுந்தரை வேண்டாம். கரையானுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. பையோடு சுவரில் சாய்த்து வைத்தால் ஒருநாள் சறுக்கி விழும், தலைப்பக்கம்தான் முதலில் அடிபடும்.

மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் கம்பியை அடியோடு தளர்த்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாசத்தில் செய்கிற கெடுதல் அது. இழுக்க ஆள் இல்லாமல் டிரஸ் ராடு மட்டும் மறுபக்கம் தள்ளிக்கொண்டே இருக்க, கழுத்து பின்னால் வளையும். அரை சுரம், ஒரு சுரம் இறக்கினால் போதும்.

காற்றில் 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம் மரத்துக்குச் சௌகரியம். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், சித்திரையில் மறக்காமல் எடுத்துவிடுங்கள். காய்ந்த மரத்தை அது இன்னும் காய வைக்கும். பூச்சிக்குப் பயந்து போடும் அந்துருண்டை பிளாஸ்டிக்குக்கும் பாலிஷுக்கும் ஆகாது. பச்சை வேப்பிலையும் வேண்டாம், அதில் ஈரம் இருக்கிறது.

பட்டாசு ஆலை வேலை முடிந்து ஒத்திகைக்கு வருகிறவர்கள் இந்தப் பக்கம் உண்டு. கையில் மருந்தின் கந்தகம் ஒட்டியிருந்தால் செம்பு கறுக்கும். வெடியுப்பு வியர்வையோடு சேர்ந்தால் கம்பியும் திருகாணியும் துருப்பிடிக்கும். கை கழுவிவிட்டுத் தொடுவது, வாசித்ததும் காய்ந்த துணியால் துடைப்பது, இவ்வளவுதான் மருந்து. ஒரு செட் பேஸ் கம்பி ஆயிரத்தைத் தாண்டுகிற காலம் இது.

சரஸ்வதி பூஜையன்று குழைத்த சந்தனத்தைப் பிக்கப்பின் மேலேயே அப்பி, குங்குமம் வைப்பதைப் பல குழுக்களில் பார்க்கிறேன். அந்த ஈரம் காந்த முனைகளில் இறங்கித் துருவாகும். பொட்டைப் பெட்டிக்கு வையுங்கள், அம்மாள் ஏற்றுக்கொள்வாள். பேட்டரி உள்ள கிட்டாராக இருந்தால் பூஜை முடிந்து உள்ளே வைக்கும்போது அதையும் கழற்றிவிடுங்கள்.

(அடுத்த வாரம்: தோல் தளர்ந்த தபேலா)