மனக்கணக்கும் வகுப்பு உரையாடலும்

இருபத்தொன்பதும் நாற்பத்தெட்டும் சேர்ந்தால் எவ்வளவு என்று தில்லியிலோ போபாலிலோ இந்தி வழியில் பயிலும் ஒரு தமிழ்க் குழந்தையைக் கேட்டுப் பாருங்கள். சற்றே தயங்கும், உதடுகள் அசையும். தமிழில் தோன்றிய விடை இந்தியாக மாறி வெளிவருவதற்குள் அடுத்த பிள்ளை முந்திக்கொள்ளும். இதைக் காணும் பெற்றோர் சிலர், வீட்டில் தமிழ் பேசுவதே கணக்குக்கு இடையூறு என்று முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு பிழையானது.

மனக்கணக்கை வளர்க்க நல்லாசிரியர் கையாளும் முறை ஒன்று உண்டு. கரும்பலகையில் 29 + 48 என்று மட்டும் எழுதுவார். பென்சிலும் தாளும் கூடா. எல்லோரும் எண்ணி முடிக்கும்வரை காத்திருப்பார். கிடைத்த விடைகளைச் சரி, தவறு என்னாமல் எழுதிவைப்பார். பிறகே, "எப்படிக் கண்டாய்?" என்று வினவுவார். ஒரு குழந்தை இருபதையும் நாற்பதையும் கூட்டி, பின்னர் ஒன்பதையும் எட்டையும் சேர்த்திருக்கும். மற்றொன்று முப்பதும் நாற்பத்தெட்டும் எழுபத்தெட்டு, அதில் ஒன்று குறைய எழுபத்தேழு என்னும். 67 என்று கூறிய குழந்தையோ, தன் வழியைச் சொல்லிக்கொண்டு வரும்போதே பதினேழில் இருந்த பத்தை விட்டுவிட்டதைத் தானே உணர்ந்து திருத்திக்கொள்ளும். நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை ஓதி மனனம் செய்தனர். அதன் பயனை யார் மறுப்பார்? ஆயினும் ஓதுதல் வேறு, எண்ணிய வழியை எடுத்துரைத்தல் வேறு.

இங்கேதான் இரு மொழி அறிந்த குழந்தைக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. 'இருபத்தொன்பது' என்ற சொல்லே இருபதையும் ஒன்பதையும் பிரித்துக் காட்டுகிறது. இந்தியில் அதே எண் 'உன்தீஸ்'. முப்பதுக்கு ஒன்று குறைவு என்பது பொருள். 'உன்தாலீஸ்' நாற்பதுக்கு ஒன்று குறைவு. மேலே கண்ட இரு வழிகளும் இவ்விரு சொற்களில் அடங்கியிருக்கின்றன அன்றோ! (நம் தொண்ணூற்றினுள்ளும் ஒரு நூறு ஒளிந்திருக்கிறது.)

வீட்டு மொழியும் பள்ளி மொழியும் வேறாக உள்ள மாணவரிடம் ஆசிரியர் இரு மொழிகளையும் பயன்படுத்துவதை 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஊக்குவிக்கிறது. ஆசிரியருக்குத் தமிழ் தெரியாவிடில் குழந்தை முதலில் வீட்டில் தமிழில் விளக்கிப் பழகட்டும். காய்கறிக் கடையில் மீதிச் சில்லறையை எண்ணும்போது, விடையை மட்டும் கேளாமல் வந்த வழியையும் கேளுங்கள்.

எண்பத்தொன்பதுக்கு இந்தியில் 'நவாசி' என்பர். அங்கே 'உன்' இல்லை. இதைக் குழந்தையே கண்டுபிடிக்கட்டும். நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டா.