வெளிநாடுகளில் கலைஞர்களின் தங்கல் நீட்டிப்பு

புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து நாகசுரம், தவில், நையாண்டி மேளம், கரகாட்டம் முதலிய கலைகளோடு வெளிநாடு செல்வோர், தங்களுக்கு அளிக்கப்பட்ட அனுமதிக் காலம் முடிவதற்குள் அதைச் சட்டப்படி கூட்டிக்கொள்வது தங்கல் நீட்டிப்பு எனப்படும். பேச்சு வழக்கில் 'விசா புதுப்பிப்பது' என்பார்கள். இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். ஒரு நாட்டில் தங்கும் உரிமை வேறு, அங்கே வாசிக்கவும் ஆடவும் உள்ள உரிமை வேறு.

பின்னணி

கடல் கடந்த கலைப் பயணம் இம்மாவட்டத்துக்குப் புதிதல்ல. பொன்னமராவதி, ராயவரம், அரிமளம் வட்டார நகரத்தார் பர்மா, மலேயா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் வணிகம் செய்தனர். நகரத்தார் போன இடமெல்லாம் முருகன் கோயில் எழுந்தது. சிங்கப்பூர் டேங்க் சாலைத் தெண்டாயுதபாணி கோயில் 1859இல் அமைந்தது. கோயில் இருந்தால் மேளமும் வேண்டும். இன்று திருச்சி விமான நிலையமே புதுக்கோட்டைச் சாலையில் இருப்பதால், காலையில் புறப்பட்டவர் அன்றே சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இறங்கிவிடலாம்.

உள்ளூரில் கலைஞர்களின் வருமானம் திருவிழாக் காலத்தை நம்பியது. தை தொடங்கி ஆடி வரை ஓய்வில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் மேளம் உறைக்குள் கிடக்கும். கடன் வாங்கி டிக்கெட் எடுத்தவருக்கு, வெளிநாட்டில் கூடுதலாகக் கிடைக்கும் ஒரு மாதம்தான் அசலை அடைக்கும் மாதம். நீட்டிப்பு பெரிய விஷயமாவது இதனால்தான்.

நீட்டிப்பு நடக்கும் விதம்

எந்த நாட்டிலும் வேலை அனுமதியைப் பெரும்பாலும் கலைஞர் தாமே நீட்டிக்க முடியாது. அழைத்த கோயில், அமைப்பாளர் அல்லது முதலாளிதான் காலம் முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். கடவுச்சீட்டின் ஆயுளைத் தாண்டியும் அனுமதி நீளாது. ஆகவே அது முடியும் தறுவாயில் இருந்தால் முதலில் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

மலேசியாவில் வெளிநாட்டுக் கலைஞரின் நிகழ்ச்சிக்கு 'புஸ்பால்' எனும் அரசு முகமையின் ஒப்புதலை உள்ளூர் அமைப்பாளர் பெற வேண்டும். அதன் பிறகே குடிநுழைவுத் துறை தொழில்முறை வருகை அனுமதி தரும். ஒரு தடவையில் இது 12 மாதத்துக்கு மேற்படாது. சமூக வருகை அனுமதியில் சென்றவர் எந்த மேடையிலும் கூலிக்கு ஏற முடியாது.

சிங்கப்பூரில் அரசு ஆதரவு பெற்ற நிகழ்ச்சிகளிலும் பொது அரங்குகளிலும் வாசிப்பவர்கள், மனிதவள அமைச்சுக்கு முன்கூட்டி அறிவித்துவிட்டுக் குறுகியகால வருகை அனுமதியிலேயே வாசிக்கலாம். ஆனால் ஓர் ஆண்டில் மொத்தம் 90 நாள்தான். மதுக்கூடம், இரவு விடுதி, உணவக மேடை ஆகியவற்றுக்கு இச்சலுகை கிடையாது. அவற்றுக்காக 2008இல் ஆறு மாதக் கலைஞர் வேலை அனுமதி தனியாகக் கொண்டுவரப்பட்டது. இயங்காத கூடங்களின் பெயரில் ஆள் எடுத்து வேறு இடங்களுக்கு அனுப்பும் கும்பல்கள் இதைப் பயன்படுத்தியதால், 2026 ஜூன் 1 முதல் இத்திட்டத்தை நிறுத்துவதாக அமைச்சு அறிவித்தது. தவறு செய்தது கூடங்களை நடத்தியவர்கள். வாசல் அடைபட்டதோ கலைஞர்களுக்கு.

எல்லை தாண்டித் திரும்புதல்

அமீரகத்தில் வருகை விசா முடிந்தவர்கள் அருகிலுள்ள ஈரானின் கிஷ் தீவுக்குப் போய், புதிய விசா வரும்வரை காத்திருந்து திரும்புவது நெடுங்காலம் நடந்தது. ஏஜென்டுகள் இதையும் 'நீட்டிப்பு' என்றே சொல்வார்கள். உண்மையில் இது நீட்டிப்பல்ல, மறுபடி முதலிலிருந்து தொடங்குவது. புதிய விசா வராவிட்டால் தீவிலேயே கிடக்க வேண்டியதுதான். 2004 பிப்ரவரி 10 அன்று கிஷ்ஷிலிருந்து ஷார்ஜா வந்த விமானம் தரையிறங்கும்போது விழுந்ததில், அதிலிருந்த 46 பேரில் 43 பேர் இறந்தனர். அவர்களில் பலர் விசாவுக்காகப் போய்த் திரும்பிய தொழிலாளர்கள்.

இப்படித் திரும்பியவருக்குத் தங்கும் உரிமை கிடைக்கும், வேலை உரிமை கிடைக்காது. வருகை விசாவில் ஆளை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு அமீரகம் 2024இல் அபராதத்தை 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை உயர்த்தியது.

குடியகல்வு அனுமதி

வருகை விசாவில் போகச் சொல்வதற்கு இந்தியப் பக்கத்திலும் ஒரு காரணம் உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் கடவுச்சீட்டு பொதுவாகக் குடியகல்வுச் சோதனை தேவைப்படும் வகையைச் சேர்ந்தது. அவர்கள் மலேசியாவுக்கோ வளைகுடா நாடுகளுக்கோ வேலைக்குச் செல்ல, 1983ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தின்படி குடியகல்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். 30 வயது நிறையாத பெண்களுக்கு இந்த அனுமதி கிடைக்காது. சிங்கப்பூர் இப்பட்டியலில் இல்லை. சிறு வயதிலேயே செட்டில் சேர்ந்து படிப்பை விட்ட ஆட்டக்காரப் பெண்களை ஏஜென்டுகள் 'சுற்றுலா' என்று அனுப்புவதன் சூட்சுமம் இதுதான். அப்படிப் போனவருக்கு ஒப்பந்தம் எங்கும் பதிவாகாது. பிரவாசி பாரதிய பீமா யோஜனாவின் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் கிடைக்காது. சம்பளம் தராவிட்டால் புகார் செய்யப் போனவரே குற்றவாளியாக நிற்க நேரும்.

காலம் கடந்தால்

அமீரகத்தில் கெடு தாண்டித் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹாம் அபராதம். மலேசியாவில் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சிங்கப்பூரில் 90 நாளுக்கு மேல் கெடு தாண்டிய ஆண்களுக்குச் சிறையோடு பிரம்படியும் உண்டு.

சில நேரங்களில் அரசுகள் பொதுமன்னிப்பு அறிவிக்கும். 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் முடியும்வரை அமீரகம் அப்படி அறிவித்தபோது, அபராதம் கட்டாமல் வெளியேறவோ நிலையைச் சரிசெய்துகொள்ளவோ வாய்ப்புக் கிடைத்தது. கடவுச்சீட்டு கையில் இல்லாதவருக்கு, அது முதலாளியிடம் சிக்கியிருந்தாலும், இந்தியத் தூதரகம் அவசரச் சான்றிதழ் தரும். தொழிலாளர்கள் இதை 'அவுட்பாஸ்' என்பார்கள். இந்தியாவுக்குத் திரும்பும் ஒரு பயணத்துக்கு மட்டுமே அது செல்லும்.