பிழையைத் தானே திருத்தும் செய்தி

‘கடல்’ என்ற சொல்லில் ஓர் எழுத்து மாறிக் ‘கடன்’ என்று வந்துவிட்டால், படிப்பவர் அதைப் பிழையென்று அறிய இயலாது. கடனும் ஒரு சொல்லே அன்றோ? ஆனால் ‘திருச்சிராப்பள்ளி’ என்பதில் ஓரெழுத்துச் சிதைந்தாலும் எவரும் திருத்திப் படித்துவிடுவர். அதற்கு அருகில் வேறு சொல் இல்லை. சொற்களிடையே உள்ள இந்தத் தொலைவே, பிழை திருத்தும் குறியீடுகளைப் பட்டமேற்படிப்பில் பயிலும் மாணவர் முதலில் கற்கும் கருத்தாகும்.

நாம் ஊருக்கு அனுப்பும் பணமும் கைப்பேசியிற் பேசும் சொல்லும் இன்று 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களின் வரிசையாகச் செல்கின்றன. வழியில் ஒரேயோர் இலக்கம் மாறினால் 100 ரூபாய் 228 ரூபாயாகிவிடக்கூடும். செய்தி தொலைந்தால் மீண்டும் கேட்டுப் பெறலாம். பிழையை மெய்யென்று நம்பினால் வரும் கேடோ பெரிது.

ஒவ்வோர் இலக்கத்தையும் மும்முறை அனுப்பினால் பிழை புலப்படும். ஆயின் செலவு மும்மடங்காகும். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஹாமிங் 1950-இல் சிக்கனமான வழியொன்றை விளக்கினார். நான்கு செய்தி இலக்கங்களோடு மூன்று காவல் இலக்கங்களைச் சேர்த்து ஏழாக அனுப்புவதே அது. மூன்று சோதனைகள் ‘சரி’ அல்லது ‘தவறு’ என விடை கூறினால் எட்டு வகை விடைகள் கிடைக்கும். ஒன்று, பிழையில்லை என்பது. மற்ற ஏழும், ஏழு இடங்களுள் எது பிழை என்று சுட்டுபவை. இடம் தெரிந்தால் 0-ஐ 1 ஆக்குவதும், 1-ஐ 0 ஆக்குவதும் எளிது. ஆனால் இரண்டு பிழைகள் நேர்ந்தால் இம்முறை ஏமாந்துவிடும்.

பல பிழைகளைத் திருத்தும் குறியீடுகளை 1959-இல் பிரெஞ்சு அறிஞர் ஆக்கெங்கெமும், 1960-இல் இராஜ் சந்திர போஸ், ராய் சௌதுரி ஆகியோரும் தனித்தனியே கண்டனர். போஸ் முன்னர்க் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியாற்றியவர். பயிர்ச் சோதனைகளுக்கு நிலங்களைப் பகுத்தமைக்க உதவிய முடிவுறு களக் கணிதமே இங்கும் பயன்பட்டது.

பிழைகள் எல்லை மீறின் என் செய்வது? ஒரே விடைக்குப் பதிலாகச் சிறு பட்டியல் தரலாம் என்பது பழைய எண்ணம். அதை விரைவாகச் செய்யும் வழியைச் சென்னையில் பிறந்த மது சூதன் 1997-இல் காட்டினார். சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற வெங்கடேசன் குருசுவாமியும் அவரும் 1999-இல் அதை மேலும் செம்மையாக்கினர்.

இத்துறையை நாடுவோர் நேரியல் இயற்கணிதம், முடிவுறு களங்கள், நிகழ்தகவு ஆகிய மூன்றிலும் அடித்தளம் இட்டுக்கொள்ளல் வேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் ஐ.ஐ.டி.கள் பலவற்றிலும் இது கற்பிக்கப்படுகின்றது. தொடக்கத்திற்கு ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. ஏழு இலக்கங்களை ஒரு தாளில் எழுதி, ஒன்றை மாற்றிப் பார்ப்பதே போதும்.