பிர்சா முண்டா: கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின் பிறந்த நிலச் சட்டம்

பழங்குடியினத் தலைவர் பிர்சா முண்டாவின் பிறந்தநாளான நவம்பர் 15, கடந்த 2021-ஆம் ஆண்டு முதல் பழங்குடியினர் கௌரவ தினமாக நாடு முழுவதும் கொண்டாடப்பட்டு வருகிறது. 2000-ஆம் ஆண்டு ஜார்க்கண்ட் மாநிலம் உதயமானதும் இதே நாளில்தான். ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராகப் போராடி, 24 வயதில் சிறையிலேயே உயிரிழந்த அவரது கிளர்ச்சியின் தாக்கம், இன்றும் நடைமுறையில் உள்ள ஒரு நிலச் சட்டத்தில் தெரிகிறது.

நிலம் கைமாறியது எப்படி?

சோட்டா நாக்பூர் பீடபூமியில் காட்டைத் திருத்தி விளைநிலமாக்கிய குலத்தவருக்கே அந்த நிலம் கூட்டாகச் சொந்தம் என்பது முண்டா மக்களின் வழக்கம். 'குந்த்கட்டி' எனப்படும் இந்த உரிமைக்கு எழுத்துப்பூர்வ பத்திரம் எதுவும் இருந்ததில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஜமீன்தார்கள், குத்தகைதாரர்கள், வட்டிக்காரர்கள் எனப் பலர் வெளியிலிருந்து வந்து குடியேறினர். பணமாகச் செலுத்த வேண்டிய குத்தகையும், பத்திரம் கேட்கும் நீதிமன்றமும் முண்டாக்களுக்குப் பாதகமாக அமைந்தன. நில உரிமையாளர்களாக இருந்தவர்கள் குத்தகைதாரர்களாயினர். கூலியின்றிக் கட்டாய வேலை செய்யும் நிலைக்கும் தள்ளப்பட்டனர். 'சர்தார்கள்' என்று அழைக்கப்பட்ட முண்டா முன்னோடிகள் பல ஆண்டுகள் அரசிடம் மனுக்கள் அளித்தும் பலன் கிட்டவில்லை.

போராட்டத்தின் போக்கு

1875-ஆம் ஆண்டு உலிஹாட்டு கிராமத்தில் பிறந்த பிர்சா, சாய்பாசாவில் மிஷனரி பள்ளியில் பயின்றவர். பின்னர் மிஷனரிகளிடமிருந்து விலகி, மதுவையும் உயிர்ப்பலியையும் கைவிடுமாறு தமது மக்களிடம் பிரசாரம் செய்தார். பூமியின் தந்தை எனப் பொருள்படும் 'தர்த்தி ஆபா' என்று மக்கள் அவரை அழைத்தனர். 1895-இல் கைது செய்யப்பட்டு, 2 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

விடுதலைக்குப் பின், 1899-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் 'உல்குலான்' எனப்படும் பெருங்கிளர்ச்சி வெடித்தது. காவல் நிலையங்களும் தேவாலயங்களும் தாக்கப்பட்டன. 1900 ஜனவரியில் டோம்பாரி மலைப் பகுதியில் திரண்டிருந்தவர்கள் மீது படையினர் துப்பாக்கிச்சூடு நடத்தினர். அதில் எத்தனை பேர் உயிரிழந்தனர் என்பதில் அரசுப் பதிவுகளும் மக்களிடையே நிலவும் தகவல்களும் பெரிதும் வேறுபடுகின்றன. பிப்ரவரியில் பிர்சா பிடிபட்டார். விசாரணைக் கைதியாக ராஞ்சி சிறையில் இருந்த அவர், ஜூன் 9-ஆம் தேதி உயிரிழந்தார். காலரா நோயே காரணம் என அதிகாரிகள் தெரிவித்தனர்.

சட்டம் கூறுவது என்ன?

கிளர்ச்சியை ஒடுக்கிய அரசு, அதற்கு மூலகாரணமான நிலப் பிரச்னையைத் தொடர்ந்து புறக்கணிக்க முடியவில்லை. நில அளவைப் பணிகள் மேற்கொள்ளப்பட்டு, குந்த்கட்டி உரிமைகள் பதிவு செய்யப்பட்டன. 1908-இல் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் பல நிலங்கள் கைமாறிவிட்டன. எனினும், எஞ்சியவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது.

பின்னாளில் பலமுறை திருத்தப்பட்ட இச்சட்டத்தின் 46-ஆவது பிரிவின்படி, பழங்குடியினர் தமது நிலத்தை அதே காவல் நிலைய எல்லைக்குள் வசிக்கும் மற்றொரு பழங்குடியினருக்கு மட்டுமே விற்கவோ தானமாக அளிக்கவோ முடியும். அதற்கும் மாவட்டத் துணை ஆணையரின் முன்அனுமதி அவசியம்.

இன்றும் தொடரும் விவாதம்

வேளாண் நிலத்தைப் பிற பயன்பாட்டுக்கு மாற்ற வழிவகுக்கும் திருத்த மசோதாவை ஜார்க்கண்ட் சட்டப்பேரவை 2016-இல் நிறைவேற்றியது. நில உரிமை பறிபோகாது என்று மாநில அரசு விளக்கமளித்த போதிலும், பழங்குடியின அமைப்புகள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தன. அப்போது ஆளுநராக இருந்தவர், தற்போதைய குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு. அவர் 2017-இல் மசோதாவைத் திருப்பி அனுப்பியதைத் தொடர்ந்து, அரசு அதைக் கைவிட்டது.

விதிமுறைகளை மீறிக் கைமாறிய நிலத்தை மீட்டுத் தரக் கோரி, இச்சட்டத்தின் கீழ் துணை ஆணையரிடம் பழங்குடியினர் மனு அளிக்கலாம். சர்தார்களின் மனுக்களுக்குக் கிடைக்காத சட்ட வலு, இன்று அளிக்கப்படும் மனுக்களுக்கு உண்டு.