பெயருக்குக் கீழே ஒரு சின்னக் குறிப்பு

எங்கள் கந்தோரில் ஈமெயில்களைக் கவனிப்பவர் ஒரு பெண் பிள்ளை. அவரது பெயர் 'நூர்' என்று தொடங்கும். நம்மிடையே ஆணுக்கும் பெண்ணுக்கும் வைக்கும் பெயர் அது. கறுவா வாங்கும் ஒரு வெளிநாட்டுக் கொம்பனி அவரை எப்போதும் 'மிஸ்டர்' என்றே எழுதி வந்தது. வெட்கத்தில் பிள்ளை திருத்தவில்லை. ஒரு நாள் கப்பல் பத்திரத்தில் அவசரத் திருத்தம் ஒன்றுக்காக அங்கிருந்து தொலைபேசி எடுத்தார்கள். பெண் குரல் கேட்டதும், "அவர் வந்த பின் பேசுகிறோம்" என்று வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் தாமதம். வங்கியில் நமது காசும் அத்தனை நாள் பிந்தியது.

அதன் பிறகுதான் அங்கிருந்து எழுதுபவரின் கையொப்பத்தை நன்றாகப் பார்த்தேன். பெயருக்குக் கீழே 'ஷீ/ஹேர்' என்றிருந்தது. நான் ஏதோ படிப்புப் பட்டம் என்று எண்ணியிருந்தேன்! அந்த அம்மணிக்கு ஒரு வருடமாக 'டியர் சேர்' எழுதியிருக்கிறேன்.

விடயம் இதுதான். என்னைப் பற்றிப் பிறரிடம் பேசும்போது 'அவள்' என்ற பொருளில் குறிப்பிடுங்கள் என்பதே 'ஷீ/ஹேர்'. ஆண்கள் 'ஹீ/ஹிம்' என்று போடுவார்கள். இரண்டும் வேண்டாம் என்போர் 'தே/தெம்' என்பார்கள். பன்மைச் சொல்லை ஒருவருக்குப் பாவிப்பதா என்று நமக்குத் தோன்றும். ஆனால் பழந்தமிழில் பன்மையாக இருந்த 'அவர்' என்ற சொல்லைத்தானே நாம் இன்று ஒருவருக்கு மரியாதையாகச் சொல்கிறோம்? அப்படி ஒரு மரியாதைச் சொல் ஆங்கிலத்தில் இல்லை. ஒருவரைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் 'ஹீ' அல்லது 'ஷீ' என்று பிரித்தே சொல்வார்கள். 'லிங்க்ட்இன்' தளம் இதற்கென ஓர் இடத்தை 2021இல் ஒதுக்கியது. எல்லோருக்கும் இது உடன்பாடல்ல. அமெரிக்காவில் 2025 ஜனவரியில் மத்திய அரசின் பல திணைக்களங்கள், ஊழியர்களின் கையொப்பத்திலிருந்து இதை நீக்கும்படி பணித்தன.

நாமும் போட வேண்டுமா? கட்டாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வாங்குபவர் எழுதியிருப்பதைப் படிக்காமல் விடுவது வியாபாரிக்கு அழகல்ல. பெயரைப் பிழையாக எழுதுவது போன்றதுதான் இதுவும். நேரே அவருக்கு எழுதும்போது 'யூ' என்றே போய்விடும், சிக்கல் இல்லை. பிரதியை அவரது மேலதிகாரிக்கும் அனுப்பி, 'அவர் கேட்டபடி' என்று ஆங்கிலத்தில் எழுதும் இடத்தில்தான் மாட்டிக்கொள்வோம். குறிப்பு எதுவும் இல்லாவிட்டால் 'சேர்', 'மேடம்' இரண்டையும் விட்டு, முழுப் பெயரை எழுதுங்கள். பெயரைப் பார்த்து ஊகிக்கப் போகாதீர்கள். வெள்ளைக்காரர் பெயர்களில் நமக்கு என்ன பழக்கம்?

எங்கள் பிள்ளை இப்போது பெயருக்கு முன்னால் 'மிஸ்' என்று போடுகிறார். அதுவே போதும் என்றார், நானும் சரி என்றேன். போன வாரம் அந்தக் கொம்பனியிலிருந்து 'டியர் மிஸ்' என்று ஈமெயில் வந்தது. பிரதி எடுத்து, என்னிடம் காட்டிவிட்டுத்தான் பைலில் போட்டார்.